சியோனிச எதிர்ப்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்கள் வாட்ஸப் வாக்கியத்துக்கு இல்லை

கேள்வி: லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தேன். தொழிற்கட்சியில் இருந்தவன், 2020-க்குப் பிறகு அங்கே இடதுசாரிகள் ஓரங்கட்டப்பட்டதை நேரில் கண்டவன். இனவாதத்துக்குத் தப்பி வந்த ஈழத்தமிழ்க் குடும்பம் என்னுடையது. காசா பற்றி முகநூலில் எழுதியதையும், அலுவலக வாட்ஸப் குழுவில் "நம்மிடையே உள்ள யூத நண்பர்கள் முதலில் இஸ்ரேலைக் கண்டித்துவிட்டு மற்றதைப் பேசட்டும்" என்று எழுதியதையும் காட்டி ஒரு சக ஊழியர் என்னை யூத வெறுப்பாளன் என்று புகார் செய்தார், வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏழு மாதச் சம்பளத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்கிறது நிர்வாகம். சியோனிச எதிர்ப்பைப் பாதுகாக்கும் மில்லர் தீர்ப்பு இருக்கும்போது நான் ஏன் இறங்கிப்போக வேண்டும்? புகார் செய்தவர் மீது அவதூறு வழக்கும் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி தொழிற்கட்சியின் உட்பூசலைப் பற்றியது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் அக்டோபர் 2020-இல் யூத வெறுப்புப் புகார்களில் கட்சி சட்டத்தை மீறியதாக அறிவித்ததும், அன்றே முன்னாள் தலைவர் ஜெரமி கார்பின் இடைநீக்கம் செய்யப்பட்டதும், யூத வெறுப்புப் பிரச்சினையை இரு அணிகளுமே ஒன்றுக்கொன்று எதிரான ஆயுதமாக்கியதாக 2022-இல் கட்சியே அமைத்த விசாரணையின் ஃபோர்ட் அறிக்கை சொன்னதும் உண்மைதான். ஆனால் உங்களை நீக்கியது கட்சி அல்ல. தொழில் தீர்ப்பாயம் அந்த வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்காது. குடும்பம் பட்ட துன்பத்தை மதிக்கிறேன். இனவாதத்துக்கு ஆளானவர் பிறரைத் துன்புறுத்தியிருக்க முடியாது என்ற வாதத்துக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை.

வழக்கைத் தீர்மானிக்கப்போவது அந்த வாட்ஸப் வாக்கியம் ஒன்றுதான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2021-இல் நீக்கிய பேராசிரியர் டேவிட் மில்லரின் வழக்கில், அவருடைய சியோனிச எதிர்ப்பு (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கைக்கு எதிர்ப்பு) 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் பாதுகாக்கப்படும் தத்துவ நம்பிக்கை என்று பிப்ரவரி 2024-இல் தீர்ப்பாயம் கூறியது. பலரும் அத்துடன் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே ஏற்கப்பட்டது, சியோனிசம் என்ற கொள்கை இயல்பிலேயே இனவாதமும் ஏகாதிபத்தியமும் காலனியமும் கொண்டது என்று பல ஆண்டுகள் அதையே துறையாக ஆராய்ந்த ஒருவர் கொண்டிருந்த நம்பிக்கை. உங்கள் நம்பிக்கை வெறும் கருத்தல்ல, ஆழமும் ஒத்திசைவும் உடையது என்று நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டும். பொதுவாக இடதுசாரியாக இருந்ததும், ஊர்வலங்களில் நடந்ததும் அதற்குப் போதாது. முகநூல் பதிவுகளை வைத்து அதையும் நிரூபித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எதிர்த்தரப்பு உங்கள் நம்பிக்கையைத் தொடாது. நீக்கியது நம்பிக்கைக்காக அல்ல, அதை வெளிப்படுத்திய முறைக்காக என்று சொல்லிவிட்டு வாட்ஸப்புக்குத் திரும்பும்.

இந்தக் கட்டத்தில் இடதுசாரிக் கட்சிக்காரர்கள் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். யூத வெறுப்புக்குச் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி தந்த வரையறை இஸ்ரேல் மீதான விமர்சனத்தை முடக்கவே பயன்படுகிறது என்று பக்கம் பக்கமாக வாக்குமூலம் தருவார்கள். அந்த வரையறையை விமர்சித்து அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனத்தைத் தங்கள் கேடயமாக முன்வைப்பார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதே பிரகடனத்தை எடுத்து வாசிப்பார். யூதர் என்பதற்காகவே ஒருவரை இஸ்ரேலையோ சியோனிசத்தையோ வெளிப்படையாகக் கண்டிக்கும்படி கோருவது, மேலோட்டமாகப் பார்த்தாலே யூத வெறுப்பு என்று அது சொல்கிறது. சியோனிச எதிர்ப்புக்கு இடம் விட்ட ஆவணமே உங்கள் வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறது. நீங்கள் "சியோனிஸ்டுகள்" என்று எழுதவில்லை, "யூத நண்பர்கள்" என்று எழுதினீர்கள். "நண்பர்கள்" என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது.

இதன் விளைவு தோல்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பயனற்ற வெற்றியாகவும் இருக்கலாம். மில்லர் வென்றார், ஆனால் அவருடைய நடத்தையும் நீக்கத்துக்குக் காரணம் என்று இழப்பீட்டில் 50 சதவீதம் குறைக்கப்பட்டது. அதோடு, யூதர்கள் அதிகார இடங்களில் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் ஆகஸ்ட் 2023-இல், அதாவது வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, எழுதியவற்றுக்காக, வேலையில் நீடித்திருந்தாலும் அடுத்த இரண்டு மாதத்தில் முறையாக நீக்கப்பட்டிருக்க 30 சதவீத வாய்ப்பு இருந்தது என்று தீர்ப்பாயம் கணக்கிட்டது. தீர்ப்பாயத்தில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய தொகையில் பாதியைக் கழித்து, வழக்குரைஞர் கட்டணத்தையும் கழித்து, இடையில் வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தையும் கழித்துப் பாருங்கள். ஏழு மாதச் சம்பளம் மிஞ்சுமா?

இன்னொன்றும் உண்டு. புகார் செய்தவர் சமத்துவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தால், 110-ஆம் பிரிவின் வழியே உங்களையும் தனிப்பட்ட முறையில் எதிர்வாதியாகச் சேர்க்க முடியும். அவதூறு வழக்கு என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்: நிர்வாகத்திடம் முறையாகக் கொடுத்த புகாருக்குச் சட்டச் சலுகை உண்டு, தீய நோக்கை நீங்கள் நிரூபிக்க வேண்டும், உயர் நீதிமன்றத்தில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழும். இந்தத் தகராறில் அவதூறுச் சட்டம் இடதுசாரிப் பக்கத்தைத்தான் அதிகம் சுட்டிருக்கிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரேச்சல் ரைலி தொடுத்த வழக்குகளில் கார்பின் அலுவலகத்தில் பணியாற்றியவருக்கு எதிராக 2021-இல் 10,000 பவுண்டும், ரைலியை விமர்சித்து எழுதிய ஒருவருக்கு எதிராக 2023-இல் 50,000 பவுண்டும் இழப்பீடாக விதிக்கப்பட்டன.

ஆகவே சமரசத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் அமைப்பின் நடைமுறையையும், வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்பையும் கவனித்துவிட்டீர்கள் என்றே கொள்கிறேன். அவை கையில் இருக்கும்வரைதான் உங்களுக்குப் பேரம் பேசும் பலம். தொகையைச் சற்று உயர்த்திக் கேட்கலாம், வேலை இழப்புக்கான ஈட்டுத்தொகையில் 30,000 பவுண்டு வரை வருமான வரி இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கேளுங்கள். உங்கள் அரசியலைக் கைவிடுவதாக எழுதித்தர வேண்டியதில்லை, அதை அவர்கள் வற்புறுத்தினால்தான் மில்லர் தீர்ப்பு உங்களுக்கு உண்மையில் உதவும். பழைய பதிவு எதையும் அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் பதிவைவிட அதுவே பெரிய குற்றச்சாட்டாகும். கையெழுத்தாகும்வரை புதிதாகவும் எதுவும் எழுதாதீர்கள். ஒப்பந்தம் செல்லுபடியாக நீங்கள் வழக்குரைஞர் போன்ற தகுதியுள்ள சுயேச்சையான ஆலோசகர் ஒருவரின் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தை நிர்வாகமே ஏற்பதுதான் வழக்கம். வரைவு வந்ததும் நற்சான்றின் முழு வாசகமும் இணைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். "உரிய நற்சான்று தரப்படும்" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.