கிரீம் இல்லாமல், கஜு அரைத்த பனீர்க் கறியை வன்னியில் வைக்க முடியுமா?

வைக்கலாம். ஆனால் கேள்வியின் கடைசியில் "இங்கே கடையில் பனீரும் இல்லை, கிரீமும் இல்லை, பாலைத் திரைத்துப் பனீர் செய்துவிட்டு, கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் விட்டால் சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் நானும் முதல் தடவை சறுக்கினேன். கெட்டியான முதற்பாலாகப் பார்த்துத்தான் விட்டேன். வந்தது சொதி. பனீர் மிதந்த நல்ல சொதி. இடியப்பத்துடன் சாப்பிட்டு முடித்தோம். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்கும் கறி அதுவல்ல.

முதலில் ஒரு சொல் தகராறு. இந்தியக் குறிப்புகளில் "முந்திரி" என்று வருவது நம்முடைய கஜு. அதை அப்படியே தாளில் எழுதி மைத்துனரைக் கடைக்கு அனுப்பினேன். முந்திரிகை வற்றலுடன் வந்து நின்றார். அவர் மேல் பிழையில்லை, இங்கே முந்திரிகை என்றால் திராட்சை. கஜு போர்த்துக்கேயர் வாயில் வந்த பெயர், மரமும் பிரேசிலில் இருந்து அவர்கள் கொண்டுவந்ததுதான். ஐந்து பேருக்கு 50 கிராம் போதும். முழுக் கஜுவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அரைக்கப்போகிற பொருளுக்கு உடைந்ததே போதும். வாங்கும்போது ஒன்றை மென்று பாருங்கள், சிக்கு வாடை இருந்தால் வேண்டாம்.

பனீருக்கு நல்ல பசுப்பால் 3 போத்தல் வேண்டும், அதாவது 2 லீற்றருக்குச் சற்று மேல். கறந்த பால் கிடைக்கிற ஊரில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. பெட்டியில் வரும் நீண்டநாட் பாலில் செய்து பார்த்தேன், அது கட்டியாகச் சேராமல் உதிர்ந்துபோனது. பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். நாலைந்து மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியில் (எலுமிச்சைச் சாற்றில்) அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். தண்ணீர் வெளிறிய பச்சையாகத் தெளிந்த உடனே நிறுத்திவிட வேண்டும், மிச்சப் புளி கிண்ணத்திலேயே இருக்கட்டும். புளி கூடினால் பனீர் இறுகி, பல்லில் கிறீச்சிடும்.

நான் இதைச் செய்தபோது மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பாலை ஏன் பிள்ளை பழுதாக்குகிறாய்?" என்று இரண்டு தடவை கேட்டார். பழைய வேட்டித் துணியில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, முடிந்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் துணியை அவிழ்த்தபோது துணியின் நெய்வுகூடப் பதிந்த வெள்ளைக் கட்டி. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்ட மாமி, "கடும்பு போல இருக்கிறது, ஆனால் உப்புமில்லை, இனிப்புமில்லை" என்றார். கடும்பு என்பது கன்று ஈன்ற பசுவின் சீம்பாலில் திரட்டுவது. மாமி சொன்னது சரியான மதிப்பீடுதான். வடித்த தண்ணீரை எறியாதீர்கள், ரொட்டிக்கு மாக் குழைக்க நல்லது.

இனிக் குழம்பு. கஜுவைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். இரண்டு பெரிய வெங்காயம், மூன்று தக்காளி, நாலு பல் உள்ளி, துண்டு இஞ்சி ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்குங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது, குழைந்தால் போதும். ஆறியதும் அரைத்துக்கொள்ளுங்கள். கஜுவைத் தனியாக, விரல்களுக்கிடையில் தேய்த்தால் மணல் தட்டாத அளவுக்கு அரைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஒரு நாளில் அம்மியில் அரைத்தேன். கை கடுத்தது, ஆனால் மிக்ஸியில் அந்த மழமழப்பு ஒருநாளும் வந்ததில்லை.

தாச்சியில் ஒரு கரண்டி பட்டர், கறுவாத் துண்டு, இரண்டு கராம்பு, மூன்று ஏலக்காய். பிறகு வெங்காய விழுதை விட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். தூள் விஷயத்தில் கவனம். நாம் வீட்டில் வறுத்து இடித்து வைத்திருக்கும் கறித்தூளை இதில் தொடவே வேண்டாம். ஒரு கரண்டி போட்டாலும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் முன்னுக்கு வந்து, பனீர் போன இடம் தெரியாது. வறுக்காத மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, அவ்வளவுதான்.

இப்போது கஜு விழுது. நாம் எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான், காரணம் நம்முடைய கை தேங்காய்ப்பாலுக்குப் பழகியது. முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குவோம். கூடக் கொதித்தால் திரைந்துவிடும் என்ற பயம். கஜுவுக்கு அது நேர்மாறு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாப்பொருள். அந்த மாப்பொருள் வெந்தால்தான் குழம்பு தடிக்கும், பச்சை வாடையும் போகும். ஆகவே ஒன்றரைக் கோப்பை சுடுநீர் சேர்த்து, சிறு நெருப்பில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அகப்பையை அடியில் தட்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணெடுத்தால் அடிப்பிடிக்கும். கொதிக்கும்போது கையில் தெறிக்கும், மூடியை அரைவாசி சாத்துங்கள். நீங்கள் விரும்புவதைவிடச் சற்றுத் தண்ணியாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆற ஆற இறுகும்.

உப்பு, தக்காளி புளித்தால் அரைக் கரண்டி சீனி, பிறகு பனீர்த் துண்டுகள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பனீர் உருகிவிடுமோ என்று பயப்படாதீர்கள், புளியில் உறைந்த பால் உருகாது. கிரீம் இல்லையே என்ற ஏக்கமிருந்தால் இரண்டு நாள் காய்ச்சிய பாலின் ஆடையை எடுத்து வைத்து, அடித்துக் கடைசியில் கலக்கலாம். வடக்கில் மலாய் என்று சொல்வது அந்த ஆடையைத்தான். காய்ந்த வெந்தய இலை கிடைத்தால் ஒரு சிட்டிகை கசக்கிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள். வெந்தயத்தை அதற்குப் பதிலாகப் போட்டால் கசக்கும்.

கஜு விலைக்குப் பயந்து கச்சான் (நிலக்கடலை) அரைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முறிகண்டியில் வாங்கிய வறுத்த கச்சானில் ஒரு முறை செய்தேன். கச்சான் மட்டும்தான் தெரிந்தது. முறிகண்டிக் கச்சானைக் கொறித்துக்கொண்டே சமையுங்கள், அது வேறு. வேறு வழியில்லை என்றால் வறுக்காத கச்சானை அவித்துத் தோல் நீக்கி, பாதிக்குப் பாதி கஜுவுடன் சேர்க்கலாம்.

மச்சம் (மீன், இறைச்சி) இல்லாத வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வீட்டில் இப்போது இது நிலையாகிவிட்டது, ரொட்டியுடன். மிஞ்சியது மறுநாள் களி போல இறுகியிருக்கும். அரைக் கோப்பை சுடுநீர் விட்டுச் சிறு நெருப்பில் இளக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.