கூட நாலு பேர் வேண்டும்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 26. பி.காம். முடித்து 5 வருடம் ஆகிறது. குரூப் 4 இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் சென்னை, திருப்பூர் என்று போய்விட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால், ‘இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கியா?’ என்கிறார்கள். தனியாகப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மே மாதம் வந்தால் நம் பக்கத்தில், ‘ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துடுவாங்களா?’ என்று கேட்காத வாய் கிடையாது. கேட்கிற எல்லோருக்குமா வயல் இருக்கிறது? கல்யாண வீட்டுக் கேள்வியும் பாதி அந்த ரகம்தான். மீதிப் பாதி குத்துவதற்கென்றே கேட்பது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

என்னை உறுத்தியது ‘தனியாக’ என்ற சொல். நானும் கும்பகோணத்தில் இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவள். நாங்கள் நாலு பேர். ஆளுக்கொரு கைடு வாங்கக் காசு இல்லை. ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்து நாலாக்கி, வாரம் ஒருவர் ஒரு பாகம் என்று சுற்றுக்கு விட்டோம். என் கைக்கு வரும்போது வரலாற்றுப் பாகம் முழுக்க ஊறுகாய் எண்ணெய். அடுத்த வாரம் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதற்காகவே படித்து முடித்தேன். வீட்டில் ‘படி’ என்று சொல்லியிருந்தால் படித்திருக்க மாட்டேன்.

உங்களுக்கு நாலு பேர் எங்கே கிடைப்பார்கள்? திருவாரூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், தன்னார்வ பயிலும் வட்டத்தின் இலவச வகுப்பு எப்போது என்று கேளுங்கள். வகுப்பைவிட, அது முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கிற நேரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவை நான் துணை என்று சொல்ல மாட்டேன். அங்கே பிடிஎஃப்தான் வரும். நாலு நாள் நீங்கள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் வராது.

கூட ஆள் இருந்தால் ஓட்டை எங்கே என்பதும் தெரியும். குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்களுக்குச் சறுக்கியது தமிழா, கணக்கா? பழைய வினாத்தாளை எழுதி, மாற்றி மாற்றித் திருத்திப் பாருங்கள்.

இன்னொன்றும் வரிசையில் நிற்பவர்கள் சொல்லித்தான் தெரியவரும். பட்டப்படிப்பை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு ஆகி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெரிய பணம் இல்லை, ரயிலுக்கும் நோட்டுக்கும் ஆகும். பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். எங்கள் நால்வரில் ஒருத்திக்கு முதலில் வேலை கிடைத்தது. இரண்டு வாரம் நான் அவள் தெருப் பக்கமே போகவில்லை. பொறாமைதான், வேறென்ன? அவளே ஒரு சாயங்காலம் தன் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒரு நாள் வரும். பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, முதல் நாள் போகும்போது டப்பாவில் புளிச்சோறு கொஞ்சம் கூடவே கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருகிறவருக்கு எந்த ஊர் என்று எனக்கும் எழுதுங்கள்.