உங்கள் மகள் யாருக்கு உழைக்கிறாள்?

அன்புள்ள ஐயாவுக்கு,

"மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் இரவெல்லாம் கண்விழித்து, முகம் தெரியாதவர்களுக்கு இலவசமாக நிரல் எழுதிக் கொடுக்கிறாள். இதற்காகவா கடன் வாங்கிக் கணினிப் பொறியியலில் சேர்த்தேன்?" என்று கேட்டிருந்தீர்கள். கடனைச் சுமக்கும் தகப்பனின் கேள்வி, நியாயமானது. ஆனால் அதில் ‘இலவசம்’ என்ற சொல்தான் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது.

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல். அதனால் அங்கேயே இந்தக் குழப்பம் தீரவில்லை. உங்கள் மகள் எழுதுவது போன்றதைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். யாரும் அதை இயக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசுக்கு விற்கவும் தடையில்லை. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்.

எல்லோருக்கும் கிடைக்கும் பொருளுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? 1989இல் அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து சிக்னஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மனிதர் எழுதும் நிரலைக் கணினிச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். ஜிசிசி என்ற கட்டற்ற கம்பைலர் தங்கள் புதிய சில்லுகளிலும் ஓட வேண்டும் என்று சில்லுத் தயாரிப்பாளர்கள் விரும்பினார்கள். கம்பைலர் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. அதன் உள்ளும் புறமும் அறிந்த ஆட்கள்தான் இல்லை. அந்த அறிவுக்குத்தான் சிக்னஸுக்குக் கூலி கொடுத்தார்கள். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை வழங்கும் ரெட் ஹேட் நிறுவனம் பின்னாளில் சிக்னஸை வாங்கியது. அதுவும் அதே வழியில் வளர்ந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள், பல ஆண்டுப் பராமரிப்பு, நள்ளிரவில் சர்வர் நின்றால் பொறுப்பேற்க ஓர் ஆள் என்று இவற்றுக்கெல்லாம் சந்தா வாங்கியது. 2012 நிதியாண்டில் அதன் வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2019இல் ஐபிஎம் அதைச் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் இன்று சேரும் நிரலில் பெரும்பகுதி சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் எழுதுவதுதான்.

நிறுவனங்களுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் உள்ள உறவு எப்போதும் சுமுகமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் ஹாஷிகார்ப் நிறுவனம் சர்வர்களை அமைக்க உதவும் தன் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை மாற்றி, போட்டியாளர்கள் அதைப் பயன்படுத்துவதற்கு வரம்பு போட்டது. பலர் சேர்ந்து, பழைய உரிமத்தில் வெளியான நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனிக் கிளைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் மகளிடம் கேளுங்கள்: அவள் உழைக்கும் திட்டம் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறதா, பலர் சேர்ந்து நடத்துவதா? தன் நிரலின் பதிப்புரிமையை யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறாளா? அவளுக்குப் பதில் தெரியவில்லையென்றால் இந்த வாரமே உரிமத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

பத்துத் திட்டங்களில் கைவைப்பதைவிட ஒன்றில் இரண்டு ஆண்டுகள் நிலைத்திருப்பது நல்லது. அவள் அனுப்பிய திருத்தம், அதை மூத்தவர்கள் மறுத்த காரணம், அவள் மாற்றி எழுதிய விதம் எல்லாம் பொதுவெளியில் பதிவாகின்றன. நேர்காணலில் இதைவிட உறுதியான சான்றை ஓர் இருபது வயதுப் பெண்ணால் காட்ட முடியாது. 2005 முதல் கூகுள் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்திற்கும் விண்ணப்பிக்கட்டும். தேர்வானால் கட்டற்ற திட்டத்தில் வேலை செய்வதற்கே உதவித்தொகை உண்டு. ஆனால் அரியர் மட்டும் கூடவே கூடாது. வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. இதில் நான் உங்கள் பக்கம்தான். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இரவு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தை நீங்களும் உடன் உட்கார்ந்து படியுங்கள். ஊழியர் ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படி ஒரு வரி இருந்தால், அவள் இப்போது பங்களிக்கும் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, கையெழுத்திடும் முன்பே எழுத்துப்பூர்வமான விலக்குக் கேட்கட்டும்.