'பாக்மன் புக்ஸ்' வாங்கினேன், 'ரேஜ்' மட்டும் இல்லை என்றவருக்கு

பக்கம் எதுவும் கிழியவில்லை. 'பாக்மன் புக்ஸ்' என்பது ஸ்டீபன் கிங் பாக்மன் என்ற புனைபெயரில் எழுதிய நாவல்களின் தொகுப்பு, அதன் புதிய பதிப்பில் 'ரேஜ்' நாவலே கிடையாது. 1997-இல் கென்டக்கியில் ஒரு பள்ளியில் 14 வயதுப் பையன் சுட்டபோது அவனிடம் இந்தப் புத்தகம் இருந்தது தெரியவந்ததும், ஸ்டீபன் கிங்கே மறுபதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறை விற்பவரிடம் பொருளடக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'ரேஜ்' உட்பட நான்கு தலைப்பு இருக்க வேண்டும், மூன்றுதான் என்றால் விட்டுவிடுங்கள். 1985 என்ற ஆண்டை மட்டும் நம்பாதீர்கள், அது புதிய பதிப்பிலும் அச்சாகியிருக்கலாம்.

'தடை செய்த நாவல்' என்று விலை ஏற்றுவார்கள், தடையெல்லாம் இல்லை. அப்புறம் கதையைப் பற்றி: கிங் பள்ளிப் பருவத்திலேயே எழுத ஆரம்பித்த நாவல் இது, படிக்கும்போதே அது தெரியும். ஆசிரியரைச் சுட்டுவிட்டு வகுப்பையே பிடித்து வைக்கும் மாணவன் சார்லியோடு மற்ற பிள்ளைகள் அத்தனை சீக்கிரம் ஒட்டிக்கொள்வது நம்பும்படி இல்லை, சக மாணவன் டெட் ஜோன்ஸை எல்லோரும் சூழ்ந்துகொள்ளும் இடம்தான் உறுத்துகிறது.