மூன்று பாட்டில் எனர்ஜி டிரிங்க், இரவில் படபடப்பு: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் உணவு டெலிவரி வேலை. மதியம் தொடங்கி இரவு 12 மணி வரை வண்டி ஓட்டுகிறேன். அசதி தெரியாமல் இருக்க தினமும் மூன்று பாட்டில் எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன், கடைசி பாட்டில் ஒன்பது மணிக்கு. சில வாரங்களாகப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கமும் வருவதில்லை. உடனே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தத்தான் வேண்டும், படிப்படியாக. அதற்கு முன், படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் எதுவாவது வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அப்படி ஏதும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் நீங்கள் குடிப்பது 750. நம் நாட்டு விதிப்படி ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். ஆக, மூன்று பாட்டிலில் 225 வரை வரும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 வரை பரவாயில்லை என்பார்கள். ஆனால் டீ, காபியும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு சோதனையில், திடகாத்திரமான இளைஞர்கள் சுமார் 950 மில்லி எனர்ஜி டிரிங்க் குடித்தபோது ரத்த அழுத்தம் ஏறியது, ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிந்தது.

உங்கள் விஷயத்தில் அளவை விட எனக்குக் கவலை தருவது அந்த ஒன்பது மணி பாட்டில். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். தூக்கத்தை வரவழைப்பது அதுதான். அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. பலருக்கு உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதுக்குக் குடித்ததில் பாதி, இரவு இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கிறது. அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? மறுநாள் இன்னும் அசதி, இன்னொரு பாட்டில்.

சர்க்கரையும் சும்மா இல்லை. பல பானங்களில் 250 மில்லிக்கு 27 கிராம் வரை இருக்கிறது. சர்க்கரை இல்லாத வகைக்கு மாறினாலும் கஃபீன் குறையாது.

முதலில் இரவு பாட்டிலை விடுங்கள். நான்கைந்து நாள் கழித்து அடுத்தது, பிறகு கடைசியும். இடையில் தலைவலி, எரிச்சல் வரலாம்; சில நாளில், அதிகம் போனால் ஒன்பது நாளில் அடங்கிவிடும். அதற்காகக் காபியைக் கூட்டாதீர்கள். டீயும் மாலை ஐந்தரைக்குள் போதும். வெயிலில் தண்ணீரும் உப்பு போட்ட மோரும் குடியுங்கள். கண் சொருகினால் வண்டியை ஓரம்கட்டி இருபது நிமிடம் தூங்குங்கள், ஒரு ஆர்டர் போனாலும் பரவாயில்லை. மதுவோடு இந்தப் பானத்தைக் கலக்கவே கலக்காதீர்கள். போதை ஏறியதே தெரியாமல் வண்டியை எடுத்துவிடுவீர்கள்.

முழுதாக நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் படபடப்பு தீரவில்லையென்றால் தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.