மருந்தால் கல்லீரல் பழுதடைவதும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்: கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன? கல்லீரலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே (ஆர்.என்.ஏ.வின் கட்டுமான அலகுகள்) நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. துண்டு அது. எந்தப் புரதத்தையும் அது உருவாக்குவதில்லை. புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அதைச் சிதைக்கவோ முடக்கவோ செய்கிறது. 1993இல் ஓர் உருளைப்புழுவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது; அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சுமார் 70 விழுக்காடு மிர்-122 என்ற ஒன்றே. மற்ற உறுப்புகளில் அது மிகக் குறைவு என்பதால்தான் மருந்து நச்சியல் துறையினரின் கவனம் அதன்மேல் விழுந்தது.

கேள்வி: கல்லீரல் பாதிப்பை அறிய ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற நொதியை அளக்கும் பரிசோதனை இருக்கும்போது மிர்-122 எதற்கு?

பதில்: ஏ.எல்.டி. நொதி தசையிலும் உண்டு. கடும் உடற்பயிற்சி செய்தவருக்கும் தசை நோய் உள்ளவருக்கும் அது உயரலாம். அப்போது கல்லீரல்மேல் வீண்பழி விழுகிறது. தவிரவும், ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 47 மணி நேரம் என்பதால், பாதிப்பு நின்ற பிறகும் அளவு மெதுவாகத்தான் இறங்கும். 2009இல் வெளியான எலி ஆய்வில், மிகையான பாரசிட்டமால் கொடுத்தபின், ஏ.எல்.டி. உயரத் தொடங்கும் முன்பே மிர்-122உம் மிர்-192 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் ரத்தத்தில் கூடியிருந்தன. 2013இல் வெளிவந்த மனித ஆய்வை இன்னும் முக்கியமானதாக நான் கருதுகிறேன்: பாரசிட்டமாலை மிகையளவு விழுங்கி மருத்துவமனைக்கு வந்த உடனே எடுத்த ரத்தத்தில் ஏ.எல்.டி. இயல்பாக இருந்தபோதும், பின்னர் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளானவர்களிடம் மிர்-122 அப்போதே உயர்ந்திருந்தது.

கேள்வி: பாரசிட்டமால் உண்டால் மிர்-122 ஏன் ரத்தத்துக்கு வருகிறது?

பதில்: சரியான அளவில் உண்ட பாரசிட்டமாலின் பெரும்பகுதி தீங்கின்றி வெளியேறிவிடும். சிறு பகுதியை மட்டும் சி.ஒய்.பி.2இ1 போன்ற நொதிகள் நாப்கி என்ற வினைமிக்க பொருளாக மாற்றுகின்றன. செல்லிலேயே உள்ள குளுட்டாத்தயோன் என்ற காப்புப் பொருள் அதைப் பிடித்து நடுநிலையாக்கிவிடும். அளவு மிஞ்சும்போது குளுட்டாத்தயோன் தீர்ந்துபோக, மீந்த நாப்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆற்றல் இழந்த செல் வீங்கி உடைகிறது. சி.ஒய்.பி.2இ1 மிகுந்திருக்கும், கல்லீரல் நுண்மடல்களின் மைய நாளத்தைச் சுற்றியுள்ள செல்களே முதலில் மடிகின்றன. உடையும் செல்லிலிருந்து மிர்-122 கொட்டுகிறது. ஆர்கோநாட் என்ற புரதத்தோடு பிணைந்தோ, நுண்குமிழிகளுக்குள் அடைபட்டோ இருப்பதால் ரத்தத்திலுள்ள நொதிகளால் அது உடனே அழிவதில்லை. மிகையளவு விழுங்கியவர்கள் எந்தப் புதுப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப்பயன் கிடைக்கும்.

கேள்வி: எந்த மருந்தால் பாதிப்பு வந்தது என்பதை இது காட்டுமா?

பதில்: காட்டாது. வைரஸ் மஞ்சள் காமாலையிலும் மிர்-122 உயரும். காரணத்தைக் கண்டறிய, மருந்து உண்ட நாள்கணக்கும் மற்ற நோய்களை விலக்குவதும்தான் இன்றும் வழி.

கேள்வி: ஆய்வக மாணவன் நான். ஒரே ரத்த மாதிரியில் மிர்-122ஐ இரண்டு முறை அளந்தால் முடிவு மாறுகிறது. எங்கே பிழை?

பதில்: முதலில் ரத்தக் குழாயைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் ஹெப்பாரின், மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதால், இ.டி.டி.ஏ. என்ற வேறொரு உறைதடுப்பான் உள்ள குழாயே நல்லது. அடுத்து, எதை ஒப்பீடாக வைக்கிறீர்கள்? பலரும் மிர்-16ஐ வைக்கிறார்கள். அது சிவப்பணுக்களில் நிறைந்திருப்பது. மாதிரி லேசாக இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலே சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். மிர்-16 கூடிவிடும், அதனோடு ஒப்பிடும்போது மிர்-122 குறைந்ததுபோல் பொய்த்தோற்றம் தரும். மனித உடலில் இல்லாத, உருளைப்புழுவின் மிர்-39ஐச் செயற்கையாகத் தயாரித்துப் பிரித்தெடுக்கும் கட்டத்திலேயே சேர்த்துவிட்டால், எவ்வளவு இழந்தீர்கள் என்பதாவது தெரியும். நலமான மனிதர்களிடையே கூட மிர்-122இன் அளவு பெரிதும் வேறுபடுகிறது. எல்லோரும் ஏற்கும் வரம்பெண் இன்னும் நிலைபெறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ. பாதிப்பைக் காட்டுவது மட்டும்தானா, அதற்குக் காரணமும் ஆகுமா?

பதில்: பங்கு உண்டு. மருந்தை உருமாற்றும் நொதிகளையே சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கட்டுப்படுத்துகின்றன: மிர்-27பி சி.ஒய்.பி.3ஏ4ஐயும், மிர்-378 மேலே சொன்ன சி.ஒய்.பி.2இ1ஐயும் குறைக்கின்றன. ஒரே மருந்தை ஒருவர் தாங்குவதும் மற்றவர் தாங்காததும் ஓரளவு இதனாலும் இருக்கலாம் என்பது என் கருத்து. மிர்-122 நீக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து, நாளடைவில் கட்டிகளும் தோன்றின. ஆகவே அது கல்லீரலைக் காக்கும் மூலக்கூறும் ஆகும்.

கேள்வி: காசநோய்க்கு ஐசோநியாசிட் உண்கிறேன். இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. உங்கள் மருத்துவர் பார்ப்பது ஏ.எல்.டி.யும், மஞ்சள் காமாலையில் கூடும் நிறமியான பிலிருபினும்தான். குமட்டல், மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகளோடு ஏ.எல்.டி. இயல்பின் மேல்வரம்பைப்போல் 3 மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே 5 மடங்கைத் தாண்டினாலோ மருந்தை நிறுத்துவது வழக்கம். பசியின்மையோ அடர்நிறச் சிறுநீரோ கண்டால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.