வேலையை விட்டு டாக்டருக்குப் படிக்கலாமா? நீட் எழுத நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பொறியியல் முடித்து, மென்பொருள் வேலை பார்த்து, அதன்பின் நீட் எழுதி தமிழக அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பை முடித்து மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சியில் இருக்கிறேன். இதே பாதையில் வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

அக்கா, எனக்கு 31 வயது. இருபத்தைந்துக்கு மேல் நீட் எழுத முடியாது என்கிறார்களே? (ஐ.டி. ஊழியர், கோவை)

அது பழைய விதி. 2017-இல் பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வரம்பு வைத்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் இழுத்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச வயது வரம்பையே எடுத்துவிட்டது. சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருந்தால் போதும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. புனே ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் தனி வயது விதி உண்டு, அதை நம் வயதுக்காரர்கள் மறந்துவிடலாம்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். உயிரியல் இல்லை. எனக்கு வழியே இல்லையா? (மெக்கானிக்கல் இன்ஜினியர், ஓசூர்)

இருக்கிறது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் 11, 12-ஆம் வகுப்புகளில் பள்ளியிலேயே உயிரியல் படித்திருக்க வேண்டும் என்றார்கள். 2023 நவம்பரில் ஆணையம் அதை மாற்றியது. பிளஸ் டூ முடித்த பிறகும், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்கள் நீட் எழுதலாம்.

நடைமுறையில் பலரும் போவது தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக, அதாவது என்.ஐ.ஓ.எஸ். முழுப் பிளஸ் டூவையும் திரும்ப எழுத வேண்டியதில்லை, உயிரியலை மட்டும் பதிவு செய்யலாம். செய்முறைத் தேர்வும் உண்டு, அதைத் தவறவிட்டுவிடாதீர்கள். பதிவு, தேர்வு, முடிவு, மதிப்பெண் சான்றிதழ் என்று எல்லாம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நீட் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பதிவை முடியுங்கள். கலந்தாய்வு நாளில் அசல் சான்றிதழ் கையில் இல்லையென்றால் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் பயனில்லை.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பிளஸ் டூ அளவில் இருக்க வேண்டும்.

வேலையை எப்போது விடுவது? (பெயர் வேண்டாம் என்றவர், சென்னை)

இப்போதே விடாதீர்கள். முதல் ஆறு, எட்டு மாதம் வேலையில் இருந்துகொண்டே உயிரியலை மட்டும் படியுங்கள். காலையில் ஆபீசுக்கு முன் இரண்டு மணி நேரம் போதும். அந்தக் காலம் முழுவதும் நாள் தவறாமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், தேர்வுக்கு முந்தைய ஐந்தாறு மாதங்களுக்கு வேலையை விடுங்கள். ஆறு மாதம் வேலையோடு படிக்க முடியாதவர் வேலையை விட்டால் படித்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. அப்படி விட்டவர்கள் இரண்டாம் மாதமே பணக்கவலையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

விடுவதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். தயாரிப்புக்கு ஒன்றரை, இரண்டு வருடம். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன் மேல் ஒரு வருடப் பயிற்சி. அந்த ஒரு வருடத்தில்தான் உதவித்தொகை வரும். மேற்படிப்பு வேண்டுமென்றால் இன்னும் மூன்று வருடம். வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்தபின் இறங்குவது நல்லது.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு எந்தப் பாடம் கஷ்டம்?

உயிரியல்தான். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. அதாவது 360 மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கருத்து புரிந்துவிட்டால் மீதியைத் தேர்வறையில் வருவித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். உயிரியலில் அது நடக்காது. எந்தப் பாசிக்கு எந்த நிறமி, எந்தச் செடியில் எந்த வகைச் சூல் ஒட்டுமுறை என்பதை எந்தச் சூத்திரத்திலிருந்தும் வருவிக்க முடியாது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை, அதாவது மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தை, வரி வரியாகப் படியுங்கள். படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை, பாட முடிவில் உள்ள சுருக்கம் எதையும் விடாதீர்கள். கூற்று-காரணம், பொருத்துக போன்ற கேள்விகள் அந்த வரிகளைத்தான் சற்று மாற்றிக் கேட்கின்றன. ஒரு பாடத்தை ஒரு தரம் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். ஐந்து முறை வாசிப்பதைவிட இதில் நிற்பது அதிகம்.

இயற்பியலில் நமக்குக் கொஞ்சம் முன்தொடக்கம் இருக்கிறது. ஆனால் கால்குலேட்டர் கிடையாது. கையால் பெருக்கி வகுக்கும் வேகம் போயிருக்கும், அதை மீட்டெடுங்கள்.

பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். வேதியியலில் திடநிலை, பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், உயிரியலில் செரித்தல் போன்ற பாடங்கள் போய்விட்டன. புதிய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத பாடங்களை முதலிலேயே அடித்துவிடுங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. பி.எஸ்சி. நர்சிங் படித்ததால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாமா? 7.5 சதவீதம் எனக்குக் கிடைக்குமா? (திருவண்ணாமலை)

நேரடியாக இரண்டாம் ஆண்டு என்பது எம்.பி.பி.எஸ்ஸில் கிடையாது. நர்சிங், பார்மசி, பல் மருத்துவம் எது படித்திருந்தாலும் நீட் எழுதி முதலாம் ஆண்டில்தான் தொடங்க வேண்டும்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை அவசியம் கேளுங்கள் சகோதரி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகத் தமிழக அரசு 2020-இல் கொண்டுவந்தது அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தீர்களா என்பதுதான் அதில் முக்கியம். 2022 ஜனவரியில் தர்மபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரை வந்தார். இளையவர் ஒருவருக்கு இடம் போகட்டும் என்று அவராகவே விலகிக்கொண்டார். உங்கள் பழைய பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க இப்போதே ஆரம்பியுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும், அலைச்சல் அதிகம். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக்கட்டணத்தை அரசே ஏற்கிறது.

படிப்பில், மனித உடலியல் பகுதி உங்களுக்குக் கைவந்தது. தாவரவியலும் இயற்பியலும்தான் உங்கள் நேரத்தைக் கேட்கும்.

தமிழில் எழுதலாமா? (மதுரை)

தாராளமாக. வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. எனவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பாடமும் ஆங்கிலத்தில்தான்.

எனக்கு 34 வயது, மூன்று வயதில் மகள். கணவர் ஆதரவாக இருக்கிறார். இது சரியா என்று தெரியவில்லை. (திருச்சி)

சரியா என்பதை நான் சொல்ல முடியாதும்மா, என்னவெல்லாம் வரும் என்று சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ராமநாதபுரமோ நீலகிரியோ கிடைக்கலாம். விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது, பெயர்பெற்ற பழைய கல்லூரியைவிட, உங்கள் அம்மாவோ மாமியாரோ துணைக்கு வரக்கூடிய ஊரை மேலே போடுங்கள். 2022-இல் மட்டும் அரியலூர், திண்டுக்கல், நாமக்கல், நாகப்பட்டினம் உட்பட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். திருச்சியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் சில இருக்கின்றன.

வருகைப்பதிவு கண்டிப்பு. எழுத்துப்பாடத்துக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்பதைக் கணவரோடு இப்போதே பேசிவிடுங்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் இரவுப் பணி இருக்கும், பிரசவ வார்டில் விடியும்வரை உட்காரக்கூட நேரம் இருக்காது. "ஆதரவாக இருக்கிறார்" என்ற சொல் இந்த நாட்களையும் சேர்த்துத்தானா என்று கேட்டுப் பாருங்கள். சேர்த்துத்தான் என்றால் உயிரியல் புத்தகத்தை இன்றைக்கே வாங்குங்கள்.

தம்பிக்கு நீட்டில் தகுதி வந்துவிட்டது, ஆனால் சீட் வரவில்லை. வெளிநாடு அனுப்பலாமா? (சேலம்)

தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள், நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒன்றேகால் லட்சம் அளவில்தான். வெளிநாடு என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை முழுதாகப் படியுங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழி, அங்கேயே ஒரு வருடப் பயிற்சி, திரும்பிவந்து தகுதித்தேர்வு, மறுபடி ஒரு வருடப் பயிற்சி. தகுதித்தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், அதில் பலர் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தொழில் மாறி முப்பதில் வருபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. வருடமும் பணமும் ஒன்றாகக் கரையும்.

எத்தனை முறை முயன்றபின் விட்டுவிடலாம்?

என் கருத்து, முழுநேரமாகப் படித்து இரண்டு முறை. உங்கள் பிரிவில் அரசுக் கல்லூரிக்கான கடைசி மதிப்பெண்ணை முந்தைய ஆண்டுக் கலந்தாய்வுப் பட்டியலில் பாருங்கள். முப்பது, நாற்பது மதிப்பெண்தான் குறைகிறது என்றால் இன்னொரு முறை எழுதுங்கள். நூறுக்கு மேல் இடைவெளி என்றால் வேலைக்குத் திரும்புங்கள். நோயாளிகளோடு வேலை செய்யும் ஆசை அப்போதும் இருந்தால், பொது சுகாதார முதுகலைப் படிப்பையும் மருத்துவமனை நிர்வாகப் படிப்பையும் விசாரியுங்கள். உங்களிடம் இருக்கும் பட்டத்தை வைத்தே அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியும்.